தாயும் சேயும் ஒரே படத்தில்

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். என்னென்ன படங்கள் மாட்டியிருக்கின்றன? சாமி படம் இருக்கும். மாலை போட்ட தாத்தா படம் இருக்கும். கல்யாணப் படம் இருக்கும். குழந்தை குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கும் படமும் இருக்கலாம்.

தாய் தன் குழந்தையை மடியில் வைத்திருக்கும் படம் இருக்கிறதா? பல வீடுகளில் இருக்காது.

குழந்தையைக் குளிப்பாட்டியவள் தாய். பவுடர் பூசிப் பொட்டு வைத்தவள் தாய். அழாமல் இருக்கக் கிலுகிலுப்பை ஆட்டியவளும் தாய்தான். ஆனால் படம் எடுக்கும்போது மட்டும், "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தாயும் சேயும் சேர்ந்து இருக்கும் படத்தை எப்படி எடுப்பது? எப்படிப் பாதுகாப்பது? இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

1. துணிக்குள் மறைந்த தாய்

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1840-களில் அது இந்தியாவுக்கும் வந்தது.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது எளிதல்ல. இப்போது போல் ஒரு நொடியில் வேலை முடியாது. படம் பதியும்வரை ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கைக்குழந்தை உட்காருமா? கொஞ்சம் அசைந்தாலும் படத்தில் முகம் கலங்கிப் போகும்.

அதற்கு மேலை நாட்டு ஸ்டூடியோக்காரர்கள் ஒரு வழி செய்தார்கள். தாயை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள்மீது தலை முதல் கால்வரை துணியைப் போர்த்தினார்கள். அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார்கள். தாய் துணிக்குள் இருந்தபடி குழந்தையைப் பிடித்துக்கொள்வாள். படத்தில் குழந்தை மட்டும் தெரியும். தாய் ஒரு நாற்காலி போலத் தெரிவாள்.

அப்படி எடுத்த பழைய படங்கள் இன்றும் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் துணிக்குக் கீழே தாயின் கை தெரியும்.

இப்போது துணி போர்த்துவதில்லை. ஆனாலும் தாய் படத்தில் இல்லை. இது மாற வேண்டும்.

2. ஒரு ஸ்டூடியோவில்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. சுரங்க வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைகளுக்கு முன்பே அங்கே குடியேறின. 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் பலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள்.

அந்த ஊரில் ஒரு சிறிய ஸ்டூடியோ. அதை நடத்துபவர் ஒரு பெண். ஒரு நாள் காலை ஓர் இளம் தாய் அங்கே வந்தாள். கையில் நாலு மாதக் குழந்தை. கூடவே மாமியாரும் வந்திருந்தார்.

"அக்கா, பாப்பாவை ஒரு படம் எடுக்கணும். அவர் காலையில போகும்போது இவ தூங்குறா. ராத்திரி வரும்போதும் தூங்குறா. ஒரு படம் இருந்தா சட்டைப் பையில வெச்சுப் பார்த்துக்குவார்" என்றாள் தாய்.

மாமியார் தடுத்தார். "வேணாம்மா. கைக்குழந்தையைப் படம் எடுத்தா ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லும்."

ஸ்டூடியோ அக்கா சிரிக்கவில்லை. பெரியவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"ஆயா, கேமரா நம்மகிட்டயிருந்து எதையும் எடுக்கறதில்ல. ஜன்னல் வழியா வெளிச்சம் வருது இல்ல? அந்த வெளிச்சம் பாப்பா முகத்துல பட்டுத் திரும்புது. அதை நாம கண்ணால வாங்கிப் பார்க்கிறோம். கேமராவும் அதே வெளிச்சத்தைத்தான் வாங்குது. நீங்க பார்த்தா பாப்பாவுக்கு ஆயுசு குறையுமா? குறையாது இல்ல? கேமரா பார்த்தாலும் குறையாது."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எனக்கு மூணு பிள்ளைங்கம்மா. நடுவுல பொறந்தது எட்டு மாசத்துல காய்ச்சல்ல போயிடுச்சு. ஒரு படம்கூட எடுக்கல. அஞ்சாறு வருஷம் அது முகம் கண்ணுலயே நின்னுச்சு. இப்ப யோசிச்சுப் பார்த்தா வரமாட்டேங்குது. பேரு மட்டும்தான் இருக்குது."

யாரும் பேசவில்லை. குழந்தை மட்டும் கையை ஆட்டிக்கொண்டு சத்தம் போட்டது.

"சரி, எடும்மா" என்றார் பெரியவர்.

தாய் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

"நீ எங்க போற? வந்து உட்காரு" என்றார் அக்கா.

"நான் எதுக்குக்கா? தூக்கமே இல்ல. முகமெல்லாம் வாடிக் கெடக்குது. பாப்பா மட்டும் போதும்."

அதற்கு மாமியாரே பதில் சொன்னார். "நீயும் உட்காரு. நாளைக்கு இவ பெரியவளாகி, 'எங்கம்மா அப்ப எப்படி இருந்தா'ன்னு கேட்டா எதைக் காட்டுவே?"

தாய் உட்கார்ந்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. அவள் குழந்தையைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அக்கா படம் எடுத்தார்.

3. படம் எடுக்கும் முறை

இப்போது பல வீடுகளில் கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. அதிலேயே நல்ல படம் எடுக்கலாம். ஸ்டூடியோவுக்குப் போனாலும் இந்த விவரங்கள் உதவும்.

நேரம்: குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்து, தெளிவாக இருக்கும் நேரம்தான் நல்ல நேரம். பசியோடு இருக்கும் குழந்தை அழும். படத்துக்காகக் குழந்தையை எழுப்பக் கூடாது. தூங்கும் குழந்தையைத் தாய் மடியில் வைத்து எடுத்தாலும் படம் நன்றாகவே இருக்கும்.

வெளிச்சம்: நேர் வெயில் வேண்டாம். வெயிலில் கண் கூசும். முகத்தில் கரு நிழல் விழும். வீட்டு வாசலுக்கு உள்பக்கம், அல்லது ஜன்னல் பக்கத்தில் தாய் உட்காரலாம். வெளிச்சம் தாயின் முகத்திலும் குழந்தையின் முகத்திலும் பக்கவாட்டில் பட வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத் தெரியும். காலை நேரமும் மாலை நேரமும் நல்லவை.

ஃபிளாஷ்: போனில் உள்ள ஃபிளாஷ் விளக்கை அணைத்துவிடலாம். திடீரென்று பளிச்சென அடித்தால் குழந்தை திடுக்கிட்டு அழும். முகமும் வெளுத்துப் போகும்.

பின்பக்கம்: தாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். துணிக்கொடி, குடம், செருப்பு எல்லாம் படத்தில் விழும். அவற்றை ஒதுக்கி வையுங்கள். வெறும் சுவர் போதும். ஒரே நிறப் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினாலும் போதும்.

உடை: புதுத் துணிதான் வேண்டும் என்பதில்லை. துவைத்த பருத்திப் புடவை போதும். அது குழந்தையின் தோலுக்கும் இதம். குழந்தையின் கழுத்தில் கனமான சங்கிலி போட வேண்டாம்.

நிறம்: முகம் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று சிலர் பவுடரை அப்புவார்கள். சில போன்கள் தாமாகவே முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும். அது வேண்டாம். குழந்தை எந்த நிறமோ அந்த நிறத்தில் படம் இருக்கட்டும். கறுப்பான முகத்துக்கு நல்ல வெளிச்சம் கொடுத்தால் அது களையாக விழும்.

தூரம்: போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். எடுப்பவர் நின்றுகொண்டு மேலிருந்து எடுக்கக் கூடாது. தாய் பாயில் உட்கார்ந்திருந்தால் எடுப்பவரும் உட்கார வேண்டும். குழந்தையின் கண் மட்டத்துக்குக் கேமரா வர வேண்டும்.

கண்ணாடி: சமையல் கையால் தொட்ட போனில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். படம் புகை படிந்தது போல வரும். எடுப்பதற்கு முன் மெல்லிய பருத்தித் துணியால் போனின் கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள்.

பார்வை: தாயையும் குழந்தையையும், "இங்கே பார், இங்கே பார்" என்று கத்தி அழைக்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. தூரம்வரைதான் தெளிவாகத் தெரியும். மடியில் இருக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரம் அதுதான். எனவே தாய் குனிந்து பேசினால் குழந்தை அவள் முகத்தைப் பார்க்கும். முகம் பார்த்துச் சிரிப்பது ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தொடங்கும். அந்தச் சிரிப்புக்காகக் காத்திருங்கள்.

ஒரு படத்தோடு நிறுத்த வேண்டாம். பத்துப் படம் எடுங்கள். அதில் ஒன்றிரண்டு நன்றாக அமையும்.

4. குழந்தையின் பாதுகாப்பு

படத்தைவிடக் குழந்தை முக்கியம். இவற்றை மறக்கக் கூடாது.

முதல் மூன்று நான்கு மாதங்கள் குழந்தையின் கழுத்து நிற்காது. தலையையும் கழுத்தையும் எப்போதும் கையால் தாங்க வேண்டும்.

குழந்தையை மேசைமேல், கூடையில், நாற்காலியில் தனியாக வைத்துவிட்டு விலகக் கூடாது. ஒருவர் கை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். தாயின் மடியே பத்திரமான இடம்.

குளிர் நேரத்தில் படத்துக்காகத் துணியைக் கழற்ற வேண்டாம்.

கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். சில மைகளில் ஈயம் கலந்திருக்கும். அது குழந்தைக்குக் கெடுதல். திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டால் உள்ளங்காலில் வைக்கலாம்.

தாயின் உடம்பையும் பார்க்க வேண்டும். பிரசவம் முடிந்து சில வாரங்களே ஆன தாயை நிற்க வைக்கக் கூடாது. முதுகுக்குச் சாய்மானம் கொடுங்கள். குழந்தை பாலுக்கு அழுதால் படத்தை நிறுத்திவிட்டுப் பால் கொடுக்கட்டும்.

5. படத்தில் கண் வெள்ளையாகத் தெரிந்தால்

இது மிக முக்கியமான செய்தி. எல்லாத் தாய்மாரும் அறிய வேண்டும்.

ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் சில சமயம் கண்ணின் நடுப்பகுதி சிவப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம். கண்ணின் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்களின் நிறம்தான் அப்படித் தெரிகிறது.

ஆனால் ஒரு கண் சாதாரணமாக இருந்து, மற்றொரு கண்ணின் நடுப்பகுதி வெள்ளையாக, பூனைக் கண் போலத் தெரிந்தால் கவனிக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் வெள்ளை தெரிந்தாலும் கவனிக்க வேண்டும்.

கேமரா பார்த்த கோணத்தால் நல்ல கண்ணும் சில சமயம் அப்படித் தெரியலாம். பிறவியிலேயே வந்த கண்புரையாகவும் இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்த நோய் பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருகிறது. எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. கண் மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல முடியும்.

எனவே பதற வேண்டாம். ஆனால் நாளைக் கடத்தவும் வேண்டாம். அந்தப் படத்தையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தையின் உயிரைக் காப்பாற்றலாம். பல சமயம் பார்வையையும் காப்பாற்றலாம். தாமதித்தால் நோய் கண்ணைத் தாண்டிப் பரவும். கண்ணில் நாட்டு மருந்து ஊற்றவே கூடாது.

மாவட்ட அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். பெங்களூரில் அரசு மிண்டோ கண் மருத்துவமனை இருக்கிறது. ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை, டில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனை ஆகியவையும் இருக்கின்றன.

2013-ஆம் ஆண்டு மத்திய அரசு குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பெயர் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம். பிறந்த குழந்தை முதல் 18 வயதுவரை உள்ளவர்களைச் சோதித்துப் பார்ப்பது அதன் வேலை. உங்கள் ஊர் அங்கன்வாடியில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

6. பெயர் எழுதாத படம்

அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு ஒரு படம் எடுக்கப்பட்டது. அது பஞ்ச காலம். வேலை தேடி ஊர் ஊராக அலைந்த விவசாயக் கூலிகள், பட்டாணி விளையும் வயல் ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். பயிர் கெட்டுப் போனதால் அங்கேயும் வேலை இல்லை.

அந்தக் கூடாரம் ஒன்றில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்திருந்தார்கள். டோரதியா லாங் என்னும் பெண் புகைப்படக்காரர் அவளைப் படம் எடுத்தார்.

அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. பார்த்தவர் மனம் கலங்கியது. அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

படம் உலகம் முழுவதும் போனது. ஆனால் தாயின் பெயர் யாருக்கும் தெரியாது. படம் எடுத்தவர் பெயரைக் கேட்கவில்லை. 42 ஆண்டுகள் கழித்து, 1978-ஆம் ஆண்டில்தான் அவள் யார் என்று தெரிந்தது. அவள் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். தன் படத்தால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்ற வருத்தம் அவளுக்கு இருந்தது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒருவரைப் படம் எடுக்கும்முன் அவரிடம் கேட்க வேண்டும். எடுத்தபின் பெயரை எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பழைய படங்கள் இருக்கலாம். "இது யார்?" என்று கேட்டால், "யாரோ சொந்தக்காரங்க" என்று பதில் வரும். பெயர் தெரிந்த பெரியவர்கள் போய்விட்டால் படம் மட்டும் மிஞ்சும். அன்று எழுதி வைக்க வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் இல்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள்.

படத்தின் பின்பக்கம், ஓரமாக, பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். தாயின் பெயர், குழந்தையின் பெயர், ஊர், தேதி ஆகிய நான்கும் போதும்.

7. படம் யார் கையில்?

போனில் இருக்கும் படம் போன் உடைந்தால் போய்விடும். தொலைந்தாலும் போய்விடும். நல்ல படம் ஒன்றையாவது கடையில் கொடுத்துக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு வாங்குங்கள். ஈரச் சுவரில் ஒட்டாதீர்கள். வெயில் படும் இடத்தில் மாட்டாதீர்கள். நிறம் மங்கிவிடும்.

போனில் ஒருவருக்கு அனுப்பிய படம் நூறு பேரிடம் போகும். பிறகு திரும்பப் பெற முடியாது. எனவே குழந்தையின் உடையில்லாத படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது. தாய் பால் கொடுக்கும் படத்தை அவள் சம்மதம் இல்லாமல் எடுக்கவே கூடாது. வெளியார் யாராவது உங்கள் குழந்தையைப் படம் எடுக்க வந்தால், "எதற்கு?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

8. ஆதாருக்கும் படம்

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் ஆதார் அட்டை வாங்கலாம். அது நீல நிறத்தில் இருக்கும். இந்த வயதில் கைரேகை எடுப்பதில்லை. கண் பதிவும் இல்லை. முகத்தை மட்டும் படம் எடுப்பார்கள். தாய் அல்லது தந்தையின் ஆதாரோடு அதை இணைப்பார்கள். 5 வயது ஆனதும் கைரேகையும் கண் பதிவும் கொடுக்க வேண்டும். 15 வயதில் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

பெண்களும் எடுக்கலாம்

படம் எடுப்பது ஆண்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். குஜராத்தில் நவசாரியில் பிறந்தவர் ஹோமாய் வியாரவாலா (1913-2012). இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் அவர். புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு, நாட்டின் தலைவர்களைப் படம் எடுத்தார். 2011-ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

தாயும் சேயும் வெட்கம் இல்லாமல், பயம் இல்லாமல் படத்துக்கு உட்கார, எடுப்பவரும் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது. அக்கா தங்கைக்கு எடுக்கலாம். மாமியார் மருமகளுக்கு எடுக்கலாம்.

கேள்விகள்

1. பழைய காலப் படங்களில் தாயை ஏன் துணியால் மறைத்தார்கள்?
2. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் படம் எப்படி வரும்?
3. பிறந்த குழந்தைக்கு எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியும்?
4. படத்தில் குழந்தையின் கண் வெள்ளையாகத் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

கலந்து பேசுங்கள்

கைக்குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று உங்கள் ஊரில் சொல்கிறார்களா? ஸ்டூடியோ அக்கா சொன்ன பதில் சரியா? நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு பழைய படத்தை எடுங்கள். அதில் இருப்பவர் யார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். இதைப் பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பழகுங்கள். பிறகு படத்தின் பின்பக்கம் எழுதுங்கள்.

தாயின் பெயர்: ..............................
குழந்தையின் பெயர்: ..............................
ஊர்: ..............................
தேதி: ..............................
எழுதியவர்: ..............................

கடைசி வரியில் உங்கள் பெயரை எழுத மறக்க வேண்டாம்.